நெளிந்த மூடி

என் கடைச் சுவரில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி ஆணியில் தொங்குகிறது. பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்திருக்கும். பாளையம்பட்டியில் காருக்கு சீட் உறை தைக்கும் என்னிடம் வருகிறவர்கள், இது என்ன என்று கேட்பார்கள். நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை என்பேன். வேலை கொடுக்க வந்தவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள்.

எங்கள் கணக்கு டீச்சரின் பழைய அம்பாசிடரில், முன்சீட்டுக்கு எதிரே இருக்கும் சின்னப் பெட்டியின் மூடி அது. கணவர் காலமான பிறகு டீச்சரே ஓட்டக் கற்றுக்கொண்டு, பரளச்சிப் பள்ளிக்கூடத்துக்குப் புழுதி பறக்க அதில்தான் வருவார். பெட்டிக்குள் சாக்பீசும் மர ஸ்கேலும் இருக்கும். ஓடிப்போய் ஸ்கேலை எடுத்துவருவது என் வேலை. அதை உள்ளங்கையில் வாங்கிக்கொள்வதும் பெரும்பாலும் என் வேலைதான்.

மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு சித்திரையில் டீச்சர் வண்டியைக் கடை வாசலில் நிறுத்தினார். வயசான காலத்தில் ஓட்ட வேண்டாம், விற்றுவிடுங்கள் என்று சென்னையிலிருக்கும் மகன் தினமும் போனில் சொல்லி, மதுரையில் ஆளும் பிடித்துவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறார்கள். அதற்குள், வெயிலில் வெளுத்துச் சாம்பல் பூத்துப்போன உள்பக்க பிளாஸ்டிக்கையெல்லாம் புதுசு மாதிரி ஆக்கித் தர வேண்டும். சொல்லி முடித்தும் சாவியைக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார். கவனித்தேன். ஆனால் அவர் முன்னால் எனக்கு எப்போதும் ஏழாங்கிளாஸ் புத்திதான், கேட்கத் தோன்றவில்லை.

போனில் ஒரு வெள்ளைக்காரர் செய்து காட்டியதைப் பார்த்துச் செய்தேன். சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்து, வெளுத்த இடத்தில் சூடான காற்றைக் காட்டியதும் கறுப்பு மெல்லத் திரும்பி வந்தது. கூடவே எனக்குத் தலைக்கனமும் வந்தது. மூடியில்தான் கீறல் அதிகம். கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, பெயின்ட் அடித்து, தகரக் கூரையில் வீட்டுக்காரி காயப்போட்ட வத்தலுக்குப் பக்கத்தில், இரண்டு செங்கலுக்கு மேல் பாலம் மாதிரி வைத்தேன். சாப்பிட்டுவிட்டு ஏறிப் பார்த்தால் பாலம் தொட்டிலாகியிருந்தது. வெள்ளைக்காரரைக் குறை சொல்ல முடியாது. அவர் வீடியோவில் பனி பெய்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதுரைக்காரர் எல்லாவற்றையும் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். கடைசியில், நான் எப்படியோ திருப்பி மாட்டிவைத்திருந்த மூடியை அமுக்கினார். அது திறந்து விழுந்தது. மறுபடி அமுக்கினார். மறுபடி விழுந்தது. அசல் சாமான் முழுசாக இருந்தால்தான் எடுப்பேன், இந்த மூடிக்கு எங்கே போவேன் என்று சொல்லி, காபியைக்கூடத் தொடாமல் கிளம்பிவிட்டார். நான் பழக்கதோஷத்தில் டீச்சர் முன்னால் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

டீச்சர் மகனுக்குப் போன் போட்டு, வந்தவர்களுக்குப் பிடிக்கவில்லையாம், நான் என்ன செய்ய என்று துக்கக் குரலில் சொன்னார். வைத்துவிட்டு வந்து, மூடியைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"ஏலே, கணக்குல எத்தன தப்பு விட்டிருப்ப. இன்னைக்குத்தாண்டா ஒரு தப்பச் சரியா விட்டிருக்க."

பிறகு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. ஏழாங்கிளாசில் உள்ளே இழுத்த மூச்சை அன்றைக்குத்தான் வெளியே விட்டேன்.

போன ஞாயிறு சர்ச்சுக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்தினார். மூடியில்லாத பெட்டிக்குள் பைபிளும் கண்ணாடிக் கூடும் தெரிந்தன. இப்போது கொஞ்சம் தொழில் கற்றுக்கொண்டிருக்கிறேன், வெந்நீரில் போட்டு நிமிர்த்தி மாட்டிவிடலாம் டீச்சர் என்றேன். அவர் ஸ்டியரிங்கை விடாமல் எட்டி என் கடைச் சுவரைப் பார்த்தார்.

"வேணாம்லே, ஆணியிலயே கெடக்கட்டும். அடுத்த மாசம் எம்மவன் லீவுக்கு வாரான்."