கைலி கட்டின கொடும்பாவி

ஜப்பான்காரன் பர்மாவுல குண்டு போட்டானே, அதுக்கு அடுத்த வருஷம் அய்ப்பசி மாசம். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவுல, பாசஞ்சர் வண்டி மட்டும் நின்னுட்டுப் போற எங்க ஊர்லதான் இது நடந்துச்சு. அப்ப எனக்குப் பத்தொம்பது வயசு. அஞ்சாங்கிளாஸையே மூணு தடவ படிச்சு, வாத்தியாரே சலிச்சுப்போய் அனுப்பிவெச்ச ஆளு நானு. எழுத்துல தப்பு இருந்தா அவரத்தான் கேக்கணும்.

எங்க ஊரு பெருசா ஒண்ணும் இல்ல. ஒரு ஏரி, செவ்வாக்கெழம சந்தை, ஸ்டேஷன் பக்கத்துல வேர்க்கடலை மூட்டை ஏத்தற ரெண்டு மல்லாட்டை மண்டி. ரயில் போட்டப்புறம்தான் ஊரே வந்துச்சும்பாங்க. அதுக்கு முன்னால வெறும் பனங்காடு. கண்டமங்கலம், வல்லம்னு அங்கங்க இருந்து மூட்டையத் தூக்கிக்கினு வந்து குடியேறின ஜனம்தான். ஆனா பேச்சக் கேட்டா, ஏரி வெட்டின அன்னைக்கே கரையில மொளச்சவங்க மாதிரி இருக்கும்.

அந்த வருஷம் அய்ப்பசி பாதி போயும் ஒரு பொட்டு மழை இல்ல. கேப்பை கருகிப்போச்சு. கொடும்பாவி இழுக்கறதுன்னு முடிவாச்சு. எவனோ ஒரு பெரும்பாவியாலதான் மழை வரலன்னு நம்பிக்க. வைக்கோல்ல அவன மாதிரி பொம்மை கட்டி, தெருத்தெருவா இழுத்துக்கினு போயி, பொம்பளைங்க மாரடிச்சு அழுது, ஏரிக்கரையில கொளுத்துவாங்க. எங்க ஊர்ல அதுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஊட்டுக்கு ஒரு கந்தல் வாங்கி, ஒட்டுப்போட்டுத்தான் பொம்மைக்குத் துணி கட்டணும். ஒரே ஊட்டுத் துணின்னா அந்த ஊட்டுக்காரன்தான் பாவின்னு ஆயிடும் இல்ல? அதான் பாவத்த எல்லாரும் பங்கு போட்டுக்கறது.

கந்தல் வாங்கற வேலைய எங்கிட்ட குடுத்தாங்க. யாரு குடுத்தாங்களோ, அவங்களச் சொல்லணும்.

ரெண்டு தெரு போனேன், ஸ்டேஷன் தெருவுல மண்டியோட திரும்பிட்டேன். மேலுக்கு மட்டும் துணி தேறுச்சு. வெயிலு மண்டையப் பொளந்துச்சு. புளிய மரத்தடியில படுத்து எந்திரிச்சா, ஊர்வலத்துக்கு நேரம் ஆயிப்போச்சு. பொம்மை இடுப்புல ஒண்ணும் இல்லாம நிக்குது. அப்பதான் மண்டிக்குப் பின்னால வேலியில ஒரு கைலி காயறதப் பாத்தேன். செவப்புல மஞ்சக் கட்டம். அந்தக் கைலி பர்மாக்காரருது.

அவரு அந்தக் குண்டுக்குத் தப்பி, பர்மாவுல இருந்து காடு மலையெல்லாம் நடந்தே வந்தவரு. எங்க ஊர்ல எறங்கி ஒரு கூரை போட்டுக்கினு குடை ரிப்பேர் பண்ணுவாரு. நான் தெனம் போயி வம்பு இழுப்பேன். "மழையே இல்லாத ஊர்ல குடையத் தைக்கிறீங்களே அண்ணே, உங்க மூளைக்கு மொதல்ல ஒரு தையல் போடுங்க"ம்பேன். "போடலாம் தம்பி, உன்னுது கெடச்சா அளவு பாத்துக்கலாம்"பாரு. எனக்குச் சரிக்குச் சரி வாயாடற ஒரே ஆளு. அந்த உரிமையிலதான் கைலிய எடுத்து பொம்மைக்குக் கட்டினேன். பாத்தா சிரிப்பாருன்னு நெனச்சேன்.

எங்கம்மா முன்னால ஒப்பாரி சொல்ல, ஊர்வலம் ஸ்டேஷன் தெருவுக்குத் திரும்புச்சு. கூட்டத்துல எவனோ கத்தினான்: "டேய், இது பர்மாக்காரன் கைலிடா!"

"அப்படிப்போடு! அந்தாளு கால் வெச்சதுல இருந்துதான் மானம் காஞ்சு மழை நின்னுபோச்சு."

மொதல்ல சிரிச்சாங்க. அப்புறம் ஒருத்தன் செருப்பால பொம்மைய அடிச்சான். இன்னொருத்தன் கல்லு எடுத்தான். அப்ப சிரிப்பு இல்ல. பர்மாக்காரரு தன் கூரை வாசல்லயே நின்னு பாத்துக்கினு இருந்தாரு. உள்ள போயிட்டாரு.

நான் பின்னாலயே ஓடினேன். ஊசி, நூலு, குடைக்கம்பி எல்லாத்தையும் மூட்டை கட்டிக்கினு இருந்தாரு.

"அண்ணே, எங்க கெளம்பிட்டீங்க?"

"பாசஞ்சர் வர்ற நேரம். விழுப்புரம் போறேன்."

"நான்தாண்ணே எடுத்தேன். சும்மா வெளையாட்டுக்கு."

"தெரியும் தம்பி. நீ வெளையாடினே. அவங்க வெளையாடலியே. மழை இல்லாட்டி மொதல்ல பட்டினி கெடக்கறது நானு. நானா மழையத் தடுக்கறேன்?" முடிச்ச இறுக்கினாரு. "அது என் சம்சாரம் வாங்கிக் குடுத்த கைலி. வர்ற வழியில காய்ச்சல்ல போயிட்டா. அவ ஞாபகமா கையில இருந்தது அது ஒண்ணுதான்."

எதுக்கும் ஒரு பதில் வெச்சிருக்கறவன் நானு. அன்னைக்குக் காலுதான் பதில் சொல்லுச்சு.

ஜல்தியா ஓடிப்போயி ஊர்வலத்துக்குக் குறுக்க நின்னேன். "நிறுத்துங்க! கந்தல் கேட்டுப் போகாம தூங்கினவன் நானு. கைலியத் திருடினவனும் நானு. பாவி வேணும்னா என்னைக் கட்டி இழுங்க!" கைலிய அவுத்துட்டு, என் சட்டையக் கழட்டி பொம்மை இடுப்புல சுத்தினேன்.

எங்கம்மா ஒப்பாரிய நிறுத்துச்சு. மாரடிச்ச அதே கையால என் முதுகுல நாலு வெச்சுச்சு. கூட்டம் கொல்லுனு சிரிச்சுது. அம்மா சிரிக்கல. கூட்டத்தப் பாத்து, "இவன் சோம்பேறி, ஊருக்கே தெரியும். கல்லு எடுத்த மவராசனுங்க எந்த ஊரு? உங்க அப்பனும் மூட்டையோட வந்து எறங்கினவன்தானே? கிழிங்கடா ஆளுக்கு ஒரு துணி!"ன்னுச்சு.

தலப்பாவுலயும் முந்தானையிலயும் ஆளாளுக்குக் கிழிச்சுக் கட்டினாங்க. கல்லு எடுத்தவன் துண்டையே பாதியாக் கிழிச்சான்.

அம்மா கைலியத் தூசி தட்டி மடிச்சு எடுத்துக்கினு ஸ்டேஷனுக்கு நடந்துச்சு. பின்னால மொத்தக் கூட்டம், கொடும்பாவியோட. அவரு மூட்டையோட பிளாட்பாரத்துல நிக்கறாரு, வண்டி வரப்போவுதுன்னு சிக்னல் கை எறங்கியாச்சு. "தம்பி, இந்தத் தறுதலையப் பெத்தவ நானு. மன்னிச்சிருப்பா"ன்னு அம்மா கைலிய நீட்டுச்சு.

அவரு வாங்கி, ரொம்ப நேரம் தடவிப் பாத்தாரு. அப்புறம் எங்கம்மாவக் கேட்டாரு: "ஊட்டுக்கு ஒரு கந்தல்னு சொல்லிக்கறீங்களே அக்கா. எங்க ஊட்டுக்கு மட்டும் ஏன் யாரும் கேக்க வரல?"

அம்மா என்னத் திரும்பிப் பாத்துச்சு. வண்டி வந்து நின்னுச்சு. அவரு கைலியோட ஓரத்துல, பல்லால கடிச்சு, ஒரு வெரல் அகலத்துக்குக் கிழிச்சாரு. அதப் பொம்மையோட மணிக்கட்டுல கட்டினாரு. வண்டி ஊதிட்டுப் போயிடுச்சு. மூட்டைய எங்கிட்ட குடுத்துட்டு, "புடி தம்பி, இன்னைக்காவது வேலை செய்யி"ன்னு சொல்லி, இழுக்கற கயித்துல அவரும் ஒரு கை போட்டாரு.

மழை அன்னைக்கும் வரல, மறுநாளும் வரல. என் பாவம் கொஞ்சம் கெட்டி போலக்குது. அஞ்சாம் நாள் வந்துச்சு. ஊரே ஓட்டைக் குடையோட அவரு வாசல்ல நின்னுச்சு. நான் போனா, "உனக்கு மட்டும் நாளைக்கு"ன்னு நனைய வுட்டு அனுப்பினாரு.

இன்னைக்கும் அவரு எங்க ஊர்லதான் இருக்காரு, நானும் தெனம் வம்பு இழுத்துக்கினுதான் இருக்கேன். ஆனா அந்தக் கைலி கொடியில காயறதப் பாக்கறப்பல்லாம் ஒண்ணு தோணும்: நான் அத எடுத்ததக் கூட மன்னிச்சுடலாம், கந்தல் கேட்டு ஊரெல்லாம் போவ வேண்டியவன் அவரு ஊட்ட ஒரு ஊடுன்னே நெனைக்காம இருந்தேனே, அதுதான் பாவம்.