புளிக் கூடையோடு போகும் ஜீப்

மலையூரான புதூர்நாட்டில் பூவிழி சிரிக்காத நாள் கிடையாது. மகளிர் சங்கக் கூட்டம் என்றால் அவள் கிண்டும் சாமைப் பொங்கல் உண்டு. அவள் கரண்டியை எடுத்தாலே பெண்களுக்குப் பேச்சு களைகட்டிவிடும்.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒன்றைப் பொத்தி வைத்திருந்தாள். கேரளத்து மிளகுத் தோட்டத்தில் வேலை பார்த்துத் திரும்பிய கணவன் இறந்தது மஞ்சள் காமாலையால் என்று ஊர் நம்பியது. அவனுக்கு வந்தது எய்ட்ஸ். கிருமி அவள் ரத்தத்திலும் இருந்தது. தினமும் விழுங்கும் மாத்திரையின் தயவில் திடமாக இருந்தாள்.

மாத்திரை திருப்பத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில்தான் கிடைக்கும். ஒரு தொண்டு நிறுவனம் சங்கத்துப் பெண்களுக்கு எச்.ஐ.வி. பற்றிப் பயிற்சி கொடுத்து, ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஜீப்பும் ஏற்பாடு செய்தது. அதில் ஏறினாலே நோயாளி என்று ஊர் பார்க்குமே? பூவிழிதான் வழி சொன்னாள். சந்தைக்குப் புளி விற்கப் போகிறவர்களும் அதில் ஏறட்டும்; ஏறுகிறவர்கள் எல்லாரும் புளிக் கூடையோடு ஏற வேண்டும். யார் சந்தைக்கு, யார் மாத்திரைக்கு என்று பக்கத்தில் உட்காருபவளுக்குக்கூடத் தெரியாது.

இந்த நிலையில்தான், பயிற்சியால் என்ன பலன் என்று மதிப்பிட அந்த நிறுவனத்தின் சார்பில் சென்னையிலிருந்து தேவயானி வந்தாள். பொங்கல் தட்டும் கையுமாக இருந்த பெண்களிடம், யாருக்காவது உதவினீர்களா என்று கேட்டாள். இல்லை என்றார்கள். ஜீப்பில் ஆஸ்பத்திரிக்கு யார் போகிறார்கள் என்றாள். யாரும் இல்லை, புளி விற்கத்தான் போகிறோம் என்றார்கள். அடுத்தவர் நோயைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்பதுதான் பயிற்சியில் அவர்கள் படித்த முதல் பாடம். கேட்பவள் யாராக இருந்தால் என்ன?

தேவயானியின் முகம் வாடியது. நோயாளிகளுக்குக் கொடுத்த வண்டி சந்தைக்கு ஓடுகிறது என்றால், அதை நிறுத்தச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை என்று வருத்தத்தோடு சொன்னாள்.

பூவிழி கணக்குப் போட்டாள். வண்டி நின்றால் எத்தனை பேருக்கு மாத்திரை நிற்கும்! மற்றவர்கள் ரகசியத்தைத் தொட அவளுக்கு உரிமையில்லை. ஆனால் ஒன்று அவளுடையது. சொன்னால் நாளைக்கு இவர்கள் அவள் கையால் சாப்பிடுவார்களா? கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மேடம், அந்த ஜீப்புல மாத்திரை வாங்கப் போறவ ஒருத்தி இருக்கா. அது நாந்தாங்க."

பூவிழி தலை நிமிரவில்லை. அவள் கண்ணெதிரே ஒரு காலித் தட்டு நீண்டது. சங்கத்தில் மூத்தவளான முத்தம்மாவின் தட்டு.

"இன்னும் கொஞ்சம் போடுடி."

பூவிழி விழித்தாள்.

"இன்னா பாக்கறே? இது எங்களுக்குத் தெரியாதா? உன் கூடைய ஜீப்புல ஏத்தறவ நானு. மேல ரெண்டு கை புளி, கீழ பூராவும் சருகு. கனமே இல்லாத கூடைய எத்தினி வாட்டி மூச்சு வாங்கி மூச்சு வாங்கி ஏத்தியிருக்கேன் தெரியுமா?"

"ஒரு வார்த்த கேக்கலியேக்கா..."

"நீ சொல்லல. நாங்க எப்படிக் கேக்கறது?"

அடக்க முடியாமல் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு வட்டம் முழுக்கப் பரவியது. பூவிழி முந்தானையில் முகம் புதைத்து அழுதாள். அழுதுகொண்டே பொங்கல் போட்டாள். அத்தனை தட்டுகளும் அவள் பக்கம் நீண்டன.

தேவயானியும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பல ஊர்களில் பாடத்தை ஒப்பிப்பதைத்தான் கேட்டிருக்கிறேன், வண்டியே கைவிட்டுப் போனாலும் ஒரு பெயரைச் சொல்லாதவர்களை இங்கேதான் பார்க்கிறேன் என்றாள். ஜீப் ஓடும், அதற்கு நான் பொறுப்பு என்று உறுதி சொன்னாள். ஆனால் யார் ரகசியமும் வெளியே போகாமல் இதை அறிக்கையில் எப்படி எழுதுவது என்று அவர்களையே கேட்டாள்.

பூவிழி மூக்கை உறிஞ்சினாள். பழைய சிரிப்பு திரும்பியிருந்தது.

"எம்பேர எழுதிக்கோங்க மேடம். மத்தவங்க எல்லாரும் புளி விக்கத்தான் போறாங்க."