சிப்பிகாட்டில் சிறகிகள் ஒதுங்கிய இடம்

காலை ஐந்து மணிக்கு, தீவில் டெய்ரி ஃபார்ம் என்ற குடியிருப்புப் பகுதியிலிருந்து கிளம்பினோம். அங்கே குடியிருக்கும் என் தங்கை, செல்வராசுவின் ஆட்டோவைப் பேசிவைத்திருந்தாள். போக வர நானூறு ரூபாய். பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் சிப்பிகாட் சதுப்பில் மார்ச் முதல் வாரம் வரை சிறகிகள் என்னும் காட்டுவாத்துகள் தங்கும், பிறகு வடக்கே போய்விடும் என்று கேள்விப்பட்டிருந்தேன். திருநெல்வேலியில் குளம் குளமாகப் பறவை பார்த்துத் திரிகிறவள் நான். இதைப் பார்க்காமல் விமானம் ஏற மனம் வரவில்லை.

செல்வராசுவுக்கு முப்பது வயது இருக்கலாம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்டவர்கள்.

“இப்பவும் அங்க ஆளுங்க இருக்காங்களா?” என்று கேட்டேன்.

“சுனாமியில போயிட்டாங்கக்கா. நானும் அப்பாவும்தான் மிச்சம். எனக்கு அப்ப ஒம்பது வயசு.”

ஆட்டோ சதுப்புப் பக்கம் திரும்பியது.

ஐந்து முப்பத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பழைய தார்ச்சாலை நேராகத் தண்ணீருக்குள் இறங்கிப் போனது. அதே சுனாமியன்று நிலநடுக்கத்தில் தாழ்ந்துபோய்க் கடல் புகுந்த வயல்கள் இவை. தலையில்லாத தென்னைகள் வரிசையாக நின்றன. சுவரெல்லாம் விழுந்த ஒரு வீட்டின் நிலைவாசல் மட்டும் நீருக்கு மேலே தெரிந்தது. அதன்மேல் ஒரு கொக்கு. முதலை எச்சரிக்கைப் பலகை ஒன்றும் இருந்தது. சுற்றுலாக்காரர்களுக்கு வைத்தது என்று நினைத்துக் கடந்துபோனேன்.

“பானி, தண்ணி கிட்ட நான் வர்றதில்லக்கா, நீங்க போங்க,” என்று சொல்லிவிட்டு ஆட்டோவிலேயே இருந்துகொண்டார் செல்வராசு.

பனிமூட்டம் விலகியபோது அவற்றைக் கண்டேன். முந்நூறு சிறகிகளுக்குக் குறையாது. ஓயாமல் சீழ்க்கையடிக்கும் பறவைகள், அன்று ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. எனக்கு எதிரே பாய் விரித்த அளவுக்கு நீர் வெறுமையாகக் கிடந்தது. படம் எடுக்க வசதியான இடைவெளி என்று தோன்றியது. சாலையோடு இறங்கினேன். கணுக்கால்வரை தண்ணீர் வந்தது. என் மூச்சுச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது.

“அக்கா.”

பின்னால் கரையிலிருந்து செல்வராசுவின் குரல், அதட்டல் இல்லாமல், மிகத் தாழ்வாக. “அந்தச் சிறகியெல்லாம் எதப் பாக்குது பாருங்க.”

அத்தனை கழுத்துகளும் அந்த வெற்றிடத்தை நோக்கித் திரும்பியிருந்தன.

“ஓடாதீங்க. ஆராம்சே, மெதுவா பின்னால வாங்க.”

என் கால்கள் அசையவில்லை. பின்னால் நீர் சளசளத்தது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. ஒரு கை என் தோளைப் பிடித்து இழுத்தது. செல்வராசு தண்ணீருக்குள் இறங்கி நின்றார். அடி அடியாகப் பின்வாங்கிக் கரையேறினோம். நான் நின்ற இடத்துக்குச் சற்று முன்னால், ஆழத்திலிருந்து மரக்கட்டைபோல ஒன்று ஓசையில்லாமல் மேலெழுந்தது. இரண்டு கண்கள் எங்களைப் பார்த்தன, பிறகு மூழ்கின. அப்போதுதான் சிறகிகள் மொத்தமாக எழும்பின. அந்தச் சிறகோசையில் காது அடைத்துப்போயிற்று.

“மகர்மச்,” என்றார், முதலைக்கு இங்கே வழங்கும் இந்திப் பெயரில்.

ஆறரை மணிக்கு வழியில் ஒரு கடையில் டீ குடித்தோம். நனைந்த கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டே அவர் பேசினார்.

“சுனாமி அன்னைக்குக் காலையில கடலோரத்துல பறவச் சத்தமே இல்லக்கா. கொக்கெல்லாம் மேட்டுப் பக்கம் போச்சு. நான் பாத்தேன். அம்மா பக்கத்துலதான் பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தாங்க. சொல்லல.”

“ஒம்பது வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும், தம்பி?”

“பாத்தேனேக்கா.”

டீயைக் குடித்து முடித்தார். பிறகு என்னைப் பார்க்காமல், “இன்னைக்குச் சொல்லிட்டேன்,” என்றார்.

“சொன்னீங்க,” என்றேன்.

மறுநாள் விமானம் மேலெழுந்தபோது ஜன்னல் வழியே சதுப்பு தெரிந்தது. தகடுபோல மின்னிய நீரில் ஒரு புள்ளிகூட இல்லை. வடக்கே கிளம்பிவிட்டனவோ என்னவோ. எங்கள் ஊர்க் குளங்களில் இத்தனை வருடமாகப் பறவைகளை எண்ணி எழுதிவைத்திருக்கிறேன். அவை எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று ஒருநாளும் கவனித்ததில்லை.