டைல்ஸ் கடைக்குக் கொண்டுபோன தேங்காயெண்ணெய்

பாறசாலைப் பக்கத்திலுள்ள எங்கள் வீட்டுக் குளியலறையைப் புதுப்பிக்க அறுபதாயிரம் ரூபாய்தான் ஒதுக்க முடிந்தது. கிறிஸ்துமஸுக்குத் துபாயிலிருந்து கணவரின் தங்கை வருகிறாளே என்று, தரைக்கும் கண்ணாடி போல மின்னும் டைல்ஸையே எடுத்தேன். பணம் போதாமல், சுவரில் பிடித்துக்கொள்ளும் கம்பியைப் பட்டியலிலிருந்து அடித்தேன்.

"அக்கா, அண்ணன் தினமும் எண்ண தேச்சுக் குளிக்குற ஆளாக்கும். தரைக்கு இது வேண்டாம்" என்றார் டைல்ஸ் ஒட்ட வந்த மேஸ்திரி.

"பாக்க நல்லா இருக்கில்லா, ஒட்டுங்க" என்றேன்.

வேலை முடிந்த மூன்றாம் நாள் உள்ளே பெரிய சத்தம். ஓடினேன். உடம்பெல்லாம் எண்ணெயோடு கணவர் தரையில் கிடந்தார். பிளாஸ்டிக் வாளிமேல் விழுந்ததால் தலை தப்பியது, வாளி நொறுங்கிவிட்டது.

"பேடிக்காத, பயப்பட ஒண்ணுமில்ல" என்று அவர்தான் என்னைத் தேற்றினார்.

குளியலறைச் சுவருக்கென்று வாங்கி இன்னும் மாட்டாதிருந்த பெரிய கண்ணாடியைக் கடையில் திருப்பிக் கொடுத்துக் கம்பி வாங்கினேன். தரைக்குச் சொரசொரப்பான டைல்ஸ். இம்முறை கடையிலேயே அதன்மேல் தண்ணீரும் தேங்காயெண்ணெயும் ஊற்றி, வெறுங்காலோடு ஏறி நின்று பார்த்தேன். இப்போது டைல்ஸ் வாங்கப் போகிறவர்களிடமெல்லாம் அப்படியே செய்யச் சொல்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வந்தவள் குளித்துவிட்டு வந்து, "மைனி, அந்தக் கம்பி வச்சது நல்ல காரியம்" என்றாள். சுவரில் மின்னும் டைல்ஸை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை.