மங்கியது தெரியாத வெளிச்சம்

அலுவலகத்தில் அவருக்குச் சூட்டுக்காரர் என்று பெயர். கோபக்காரர் என்பதால் அல்ல; அவருக்குக் கோபமே வராது. ஆலைகளுக்கு எல்.இ.டி. விளக்கு வடிவமைப்பவர். எந்த விளக்கைக் கையில் எடுத்தாலும் முதலில் அதன் முதுகைத்தான் தடவிப் பார்ப்பார். சூட்டை வாங்கிக் காற்றில் விடும் அலுமினியத் தகடுகள் அங்கேதான் இருக்கும்.

மனைவிக்குக் கண்ணாடிப் பாட்டில் ஆலையில் வேலை. வரிசையாக நகர்ந்து வரும் பாட்டில்களில் கீறல் கண்டவற்றை எடுத்துப் போட வேண்டும். அந்த ஆலைக்கே விளக்கு போடும் வேலை கணவருக்கு வந்தபோது, "வீட்லதான் உங்க தொல்லைன்னா, இனிமே அங்கயும் தலைக்கு மேலயா?" என்று சிரித்தாள்.

உலையின் அனல் முழுக்கக் கூரையடியில் தேங்கும் இடம். அதனால் தகடுகளைத் தடிமனாக வரைந்திருந்தார். அவருடைய விளக்குக் கம்பெனி முதலாளி உதட்டைப் பிதுக்கினார்.

"இவ்ளோ கனமா? கூரை தாங்காதாம். பாதியாக் குறைங்க."

"சூடு வெளியேறலைன்னா வெளிச்சம் மங்கிடும் சார்."

"உடனேவா?"

"கொஞ்சம் கொஞ்சமா. யாருக்கும் தெரியாது."

"தெரியாதுன்னா சரிதானே!"

அவர் மாற்றி வரைந்து கொடுத்தார்.

விளக்கு ஒன்றுகூட அணையவில்லை. வெளிச்சம் இம்மி இம்மியாகக் குறைந்தது. கண்களும் அதற்குப் பழகிக்கொண்டன. கீறல் விட்ட பாட்டில்கள் தப்பி வெளியே போயின. ஒன்று யாரோ ஒருவர் கையிலேயே உடைந்து உள்ளங்கையைக் கிழித்தது. மேற்பார்வையாளர் அவளைக் கூப்பிட்டார். "உங்களுக்குக் கண்ணு சரியில்லம்மா. வயசாகுதில்ல?" அத்துடன் வேலை போனது.

மறுநாள் சூட்டுக்காரர் அளவுகருவியோடு ஆலைக்குப் போனார். பாதி வெளிச்சம்கூட இல்லை. மேற்பார்வையாளர் அண்ணாந்து பார்த்தார். "எல்லாம் எரியுதே சார், அப்புறம் என்ன?" அங்கிருந்து நேரே முதலாளியிடம் போய், வாழ்நாளில் முதல்முறையாகச் சத்தம் போட்டார். கேட்டு முடித்த முதலாளி, "போகும்போது கதவச் சாத்திட்டுப் போங்க" என்றார்.

"உன் கண்ணுக்கு ஒண்ணுமில்ல. என் விளக்குதான் கெட்டுப்போச்சு" என்று மனைவியிடம் சொன்னார்.

"எனக்காகப் பழியை உங்க தலையில போட்டுக்காதீங்க. உங்களுக்குப் பொய் சொல்லவே வராது."

கண் மருத்துவரிடம் கூட்டிப் போனார். "இந்த வயசுக்கு ரொம்ப நல்லாவே இருக்கு" என்றார் மருத்துவர். அவள் காதில் விழுந்தது 'இந்த வயசுக்கு' மட்டும்தான்.

பிறகு ஆலைக்காரர்கள் வேறெங்கோ புது விளக்குகள் வாங்கி மாட்டினார்கள். அங்கே வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று, கள்ளமில்லாமல் சொன்னாள்: "உங்க இடத்துக்கு வந்திருக்கிற பொண்ணுக்குக் கழுகுக் கண்ணுக்கா. ஒரு கீறல் தப்பாது."

அன்றோடு மனைவி ஊசி நூலைத் தொடுவதை விட்டாள். தெருவைக் கடக்கக்கூட அவர் கை வேண்டும். தூரத்தில் வரும் வண்டி அவருக்கு முன்பே அவள் கண்ணில் பட்டுவிடுகிறது. ஆனாலும் நின்று, "வண்டி ஏதாவது வருதா?" என்று அவரைத்தான் கேட்கிறாள்.