வேலுவைத் தாண்டிப் போனேன்

குரல் கரகரக்கத் தொடங்கியபோது நான் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் நடத்திக்கொண்டிருந்தேன். டீச்சருக்குத் தொண்டை கட்டுவதெல்லாம் ஒரு நோயா? கற்பூரவள்ளி, பனங்கற்கண்டு, மிளகு என்று நான்கு மாதம் ஓட்டினேன். ஆசிரியர் அறையில் இன்னும் நாலு பேர் என்னைப் போலவே கரகரத்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இதைப் படிக்கும் ஆசிரியர்களே, மூன்று வாரத்துக்கு மேல் குரல் தெளியவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். பாடத்தை அப்புறம் முடிக்கலாம்.

பயாப்சி (சதையில் சிறு துண்டெடுத்துப் பார்க்கும் சோதனை) குரல்வளையில் புற்றுநோய் என்றது. கதிர்வீச்சு மட்டும் போதும் என்ற கட்டத்தை நான் தாண்டியிருந்தேன். லாரிஞ்செக்டமி (குரல்வளையை முழுவதும் எடுத்துவிடும் அறுவை சிகிச்சை) நடந்தது. மூச்சு விடக் கழுத்தில் ஒரு துளை, உள்ளே ஒரு சின்ன வால்வு. துளையை விரலால் மூடினால் மூச்சு வால்வு வழியே போய் ஒலியாகும்.

ஒலிதான் வந்தது. கண்ணாடி முன் நின்று "அ" சொல்லிப் பார்த்தேன். அடைத்த குழாயில் தண்ணீர் ஏறுவதுபோல் இருந்தது. அவமானமாக இருந்தது. அன்றிலிருந்து நோட்டில் எழுதிக் காட்டத் தொடங்கினேன்.

பேச்சுப் பயிற்சி தந்த பெண் விடவில்லை. "இப்பப் பேசிப் பழகலன்னா அப்புறம் குரல் வர்றது ரொம்பக் கஷ்டம்மா. யார்கிட்டயாவது பேசுங்க" என்று எச்சரித்தாள். என் கணவரோ, "நீ எழுது ரீட்டா, நான் புரிஞ்சிக்கிறேன்" என்பார். எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது.

பழைய மாணவர்கள் நசரத்பேட்டை, ஐயப்பன்தாங்கல் என்று எங்கிருந்தெல்லாமோ ஆவடிக்கு வீடு தேடி வந்தார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆனால் நோட்டில் நான் பாதி எழுதும்போதே மீதியை அவர்கள் சொல்லிவிடுவார்கள். "காபி குடிக்கிறியான்னு கேக்கறீங்களா மிஸ்? வேணாம் மிஸ்" என்றாள் ஒருத்தி. நான் கேட்க வந்தது அவள் அம்மாவின் உடம்பைப் பற்றி. தலையாட்டி வைத்தேன். அன்பினால் செய்கிறவர்களிடம் எப்படிக் கோபிப்பது?

வேலுவும் என் மாணவன். பூந்தமல்லியில் ஆட்டோ ஓட்டுகிறான். அவனுக்குப் பேச்சு திக்கும். பரிசோதனை நாட்களில் அவன்தான் என்னை மருத்துவமனைக்கு அழைத்துப்போவான். ஒருநாள் பதிவு செய்யும் இடத்தில் இருந்தவர், என்னை விட்டுவிட்டு அவனிடம், "பேஷன்ட் பேர் சொல்லுப்பா" என்றார்.

"அ... அவங்களே எழுதுவாங்க. கொஞ்சம் இரு சார்" என்றான் வேலு. பின்னால் வரிசை முணுமுணுத்தது. அவன் அசையவில்லை.

வராந்தாவில் உட்கார்ந்ததும், 'நீயே சொல்லியிருக்கலாமே?' என்று எழுதிக் காட்டினேன்.

அவன் சிரித்தான். திக்கித் திக்கித்தான் சொன்னான். நான் சேர்த்து எழுதுகிறேன்.

"கிளாஸ்ல ஆளுக்கு ஒரு பத்தி படிக்கச் சொல்வீங்களே மிஸ். என் முறை வந்தா என்னைத் தாண்டி அடுத்த பையனைக் கூப்புடுவீங்க. பாவம்னுதான் வுட்டீங்க, தெரியும். ஆனா நான் எண்ணிப் பாத்து, எனக்கு எந்தப் பத்தி வரும்னு ஊட்லயே படிச்சிகினு வருவேன் மிஸ்."

மற்ற பிள்ளைகள் சிரிப்பார்களே என்றுதான் அவனைத் தாண்டிப் போனேன். அதை என் இரக்க குணம் என்று ஆசிரியர் அறையில் சொல்லிக்கொண்டதும் உண்டு. வெட்கத்தில் பேனா ஓடவில்லை. விரலைக் கழுத்தில் வைத்தேன்.

"தப்பு... பண்ணிட்டேன்... வேலு."

மூன்று சொல்லுக்கு மூன்று மூச்சு. எதிர் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதல் சொல்லிலேயே அவனுக்கு மீதி தெரிந்திருக்கும். ஆனாலும் எடுத்துக் கொடுக்காமல், நான் முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ப... ப... பரவால்ல மிஸ்" என்றான். நானும் காத்திருந்தேன்.

இப்போது எல்லோரிடமும் பேசுகிறேன். ஒரு வாக்கியத்தை முடிக்க நேரமாகிறது, கேட்பவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். குளிக்கும்போது கழுத்துத் துளையைத் தொட்டால் முன்புபோல் கூசுவதில்லை. ஆனால் சில நாள் கையைக் கழுத்தில் வைத்தபடி பழைய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கிறேன். ஒரு பாடவேளை நாற்பது நிமிடம். வேலுவின் பத்திக்கு அதில் மூன்று நிமிடம் ஆகியிருக்கும், அவ்வளவுதான்.