நகத்தில் அடித்துப் பார்த்த துரு

இதை எழுதலாமா என்று பல வருடம் தயங்கினேன். அடுத்தவர் வேண்டுதலை வெளியே சொல்வது சரியா என்ற பயம்தான்.

ராயபுரத்தில் ஒரு பெயிண்ட் கடையில் அவரைப் பார்த்தேன். வெயிலில் கறுத்த மீனவர். கையில் முழ நீளத்துக்கு ஒரு விசைப்படகு, மரத்தில் தானே செய்தது. அதற்கு வண்ணமடிக்க, காற்றழுத்தத்தில் சாயம் தூவும் ஏர்பிரஷ் தேடினார். ஒவ்வொன்றிலும் துரு நிறத்தை ஊற்றி, கட்டைவிரல் நகத்தில் அடித்துப் பார்த்துத் துடைத்தார்.

"பொம்மைக்கு இன்னாத்துக்கு நைனா துரு? பெரிய வாய் வச்சத வாங்கு, அஞ்சு நிமிஷத்துல பளபளன்னு ஆயிடும்" என்றார் கடைக்காரர்.

"தம்பி கடலுக்குப் போன போட்டு மாரியே செஞ்சது இது, மாமு. பத்து நாளாச்சு, கரைக்கு வரல. அம்மன் கோயில்ல வைக்கப் போறேன். துரு புடிச்ச எடம், பெயிண்டு உரிஞ்ச எடம் அப்டியே இருந்தாத்தான எந்த போட்டுன்னு அவளுக்குத் தெரியும்?"

கடைக்காரர் இருப்பதிலேயே மெல்லிய ஊசி வைத்ததை எடுத்துத் தந்தார். நகத்தில் எள்ளளவு துரு விழுந்தது. "இதான்" என்றார் மீனவர்.

எல்லாரும் நல்லா இருக்கணும் என்று ஒரே வரியில் கும்பிட்டு வந்தவன் நான். அன்று முதல் அந்தத் தம்பிக்கென்று தனியாக ஒரு விளக்கு ஏற்றுகிறேன்.

இதை யாரிடமாவது சொன்னால் இப்படியே சொல்லுங்கள். தம்பி வந்துவிட்டான் என்று மட்டும் சேர்த்துவிடாதீர்கள். எனக்கே இன்னும் தெரியாது.